மீன் நாறுகிறதாம், எண்ணெய் மணக்கிறதாம்!

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். "நீங்க நான்வெஜ்ஜா?" சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிற வீட்டுக்காரர் கண்டுபிடித்திருக்கும் சுற்றுவழி அது. அதிலும் கொஞ்சம் தாராள மனசுக்காரர் என்றால், "கோழி, முட்டை பரவாயில்லைங்க, மீன் மட்டும் வேணாம், நாத்தம் மாடிப்படி வரைக்கும் வரும்" என்பார். புறநகர் ரயிலில் மீன் கூடையோடு ஏறுகிற அம்மாவுக்கு வெண்டர் பெட்டி. தவறி வேறு பெட்டியில் ஏறிவிட்டால் கைக்குட்டைகள் மூக்குக்குப் போகும். அந்தக் கைக்குட்டைக்காரர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய் வஞ்சிரம் வறுவல் சாப்பிடுகிறவர்கள்தான். மீன் அவர்களுக்குப் பிடிக்கும், மீன் விற்கிறவள் பக்கத்தில் உட்காருவதுதான் பிடிக்காது.

2023 டிசம்பரில் இந்த மூக்குகளுக்கு இன்னொரு வேலை வந்தது. காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வந்த பெண்களிடம் நம் தெருக்களில் கேட்கப்பட்ட முதல் கேள்வி "கிலோ எவ்வளவு?" அல்ல, "எண்ணூர் மீனா?" என்பதுதான். ஆழ்கடலில் பிடித்த மீன் என்று சொன்னாலும் நம்பவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். எண்ணெயைக் கொட்டியவனைக் கேட்க வேண்டிய கேள்வியை, எண்ணெயால் பிழைப்பு போனவளிடம் கேட்ட ஊர் நம்முடையது.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். சென்னையும் சுற்றுப்புறமும் மூழ்கின. கொரட்டூரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் தண்ணீரில் நின்றன. மின்சாரம் இல்லை, பால் இல்லை, நம் ஆட்கள் நாள்கணக்கில் அரசைத் திட்டித் தீர்த்தார்கள். நியாயம்தான். அதே நாள்களில் மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் (சிபிசிஎல்) சுத்திகரிப்பு ஆலை வளாகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வெளியே வந்தபோது அது எண்ணெயையும் சுமந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய், கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் கடலில் கலந்தது. கொசஸ்தலை முகத்துவாரம் தொடங்கி காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை, ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் எண்ணெய் படர்ந்திருந்ததாகக் கடலோரக் காவல்படையே சொன்னது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், எண்ணூர் குப்பம் என்று கரையோர ஊர்களின் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வடிந்த மட்டத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது.

அந்த வெள்ளத்தில் நம் தண்ணீரும் இருந்தது. இதை மேற்குப் புறநகர்க்காரர்கள் யாரும் யோசிப்பதில்லை. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தின் ஓரமாக விரிந்து கிடக்கிற புழல் ஏரி நிரம்பினால், உபரி நீர் சாமியார்மடம், தண்டல்கழனி, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூருக்குத்தான் போகிறது. பூண்டியைத் திறந்தால் கொசஸ்தலை வழியாக அதே எண்ணூர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரி, கொரட்டூர் நிரம்பினால் இரட்டை ஏரி, அங்கிருந்து கால்வாய் கால்வாயாகக் கிழக்கே. பருத்திப்பட்டு ஏரி வழிந்தால் கூவம், அது நேப்பியர் பாலத்தடியில் கடல். நம் வாசலிலிருந்து வடிந்ததும் "அப்பாடா" என்கிறோம். வடிந்தது எங்கே போய் நின்றது என்று கேட்டால், ஆலைகளுக்கு நடுவில் நெருக்கிப் பிழியப்பட்டு, எண்ணெயோடும் சாம்பலோடும் சேர்ந்து ஒரு குப்பத்தின் அடுப்படியில் போய் நின்றது.

நிறுவனம் என்ன சொன்னது? எங்கள் குழாயில் கசிவு எதுவும் இல்லை என்றது. வெள்ளம், புயல், எதிர்பாராத மழை என்றெல்லாம் பேசப்பட்டது. ஆலைக்குள் மழைநீர் மேலாண்மை போதவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகுதான் எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள். மழை இயற்கை, சரி. மழை பெய்யும் என்று ஊருக்கே தெரிந்த டிசம்பர் மாதத்தில், 2015-ஐப் பார்த்த ஒரு நகரத்தில், ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிற ஆலையின் மழைநீர் வடிகாலில் எண்ணெய் கிடந்தது இயற்கையா? 1960-களின் நடுவில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம். அறுபது ஆண்டு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்தும் அதற்கு மழை "எதிர்பாராதது".

அதே ஆண்டு மார்ச் மாதம் நாகூர் பட்டினச்சேரியில் இதே நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து கடற்கரையில் எண்ணெய் கொப்பளித்தது. மீனவர்கள் குழாயையே அகற்று என்று கடற்கரையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது மாதத்தில் எண்ணூர். அதற்கு ஆறு ஆண்டு முன்னால், 2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது முதலில் வந்த அறிவிப்பு என்ன? எண்ணெய்க் கசிவு இல்லை. கரையில் ஆமைகள் கறுப்பாகச் செத்து ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, கசிவு இல்லை! எண்ணூர்க் கடற்கரையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் "இல்லை" என்ற சொல்லில்தான் தொடங்க வேண்டியிருக்கும். 2023-இல் எண்ணெய் நாற்றம் அடங்குவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடியில் கோரமண்டல் உர ஆலையின் அம்மோனியா குழாய் கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். முதல் வாரம் வெள்ளம், அடுத்து எண்ணெய், கடைசி வாரம் விஷவாயு. ஒரே மாதம், ஒரே மக்கள்.

இனி அந்த வாளிக்கு வருவோம்.

2017-இல் உலகமே பார்த்த படம் நினைவிருக்கும். கரையில் திரண்ட எண்ணெய்க் கசடை ஆட்கள் வாளியில் அள்ளி அள்ளிக் கை மாற்றிய படம். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாட்டில் எண்ணெய் எடுக்க வாளியா என்று சமூக ஊடகங்கள் சிரித்தன. சிரித்துவிட்டு மறந்தார்கள். 2023-இல் மறுபடியும் வாளி, கூடவே பிளாஸ்டிக் மக்கு. மிதவைத் தடுப்பும் உறிஞ்சு இயந்திரங்களும் வந்து சேர்வதற்கு முன் கழிமுகத்தில் இறங்கியவர்கள் மீனவர்கள். தங்கள் படகிலேயே போய், கையுறை, முகமூடி, பூட்ஸ் என்ற எதுவும் ஒழுங்காக இல்லாமல், இடுப்பளவு எண்ணெயில் நின்று அள்ளினார்கள். எவனுடைய தொழில் கெட்டதோ அவனையே கூலிக்கு அமர்த்தி அவன் கெட்ட இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்வது. இதற்குப் பெயர் "உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு".

இதை வெறும் தயாரிப்பின்மை என்று எழுதினார்கள். இயந்திரம் இல்லை, திட்டம் இல்லை, ஒருங்கிணைப்பு இல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாட்டில் விஷம் எங்கே தேங்கினாலும் அங்கே இறக்குவதற்கு ஓர் உடம்பு எப்போதும் தயாராக இருக்கிறது என்கிற நிம்மதிதான் இயந்திரம் வாங்கவிடாமல் செய்கிறது. மலக்குழிக்குள் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் போட்டாயிற்று. அதற்குப் பிறகும் நம் ஆவடியில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்கள் உண்டு. அவர்கள் எந்தச் சாதி என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. சாக்கடைக் குழிக்கு ஒரு சாதி, எண்ணெய்க் கழிமுகத்துக்கு ஒரு சாதி. மலிவான உடம்பு பக்கத்திலேயே கிடைக்கும்போது உறிஞ்சு இயந்திரத்துக்கு எவன் கோடிக்கணக்கில் செலவு செய்வான்? எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகும். அதில் பென்சீன் போன்றவை இருக்கும். கண் எரியும், தலை சுற்றும், வாந்தி வரும், நீண்ட நாள் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கனமான பகுதி சேற்றில் இறங்கும். அலையாத்தி வேரில் பிசினாக ஒட்டும். சேற்று வளையில் வாழ்கிற பச்சை நண்டுக்கு ஓட இடமில்லை. எண்ணெய் ஊறிய நைலான் வலையைத் துவைத்து எடுக்க முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். கடலோரக் காவல்படை வானத்திலிருந்து தூவிய மருந்தும் எண்ணெயை அகற்றுவதில்லை, துளித்துளியாக உடைத்து நீருக்குள் கலக்கிவிடும், அவ்வளவுதான். மேலே பார்த்தால் பளபளப்பு மறைந்திருக்கும். தொலைக்காட்சிக்கு அது போதும்.

நிவாரணம் வந்ததே என்பீர்கள். வந்தது. கணக்கைப் பாருங்கள். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. எண்ணூர் வட்டாரத்தில் பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் சுமார் 8 கோடியே 68 லட்சம். அந்த ஆலை 2022-23 நிதியாண்டில் ஈட்டிய நிகர லாபம் 3,500 கோடிக்கு மேல். முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு ஒன்பதரைக் கோடி வரும். ஒரு கழிமுகத்தின் மொத்த வாழ்க்கைக்கும் போடப்பட்ட விலை ஆலையின் ஒரு நாள் லாபத்தைவிடக் குறைவு. இந்தப் பணத்தை யார் கஜானாவிலிருந்து எடுத்தார்கள் என்பதுகூட எனக்கு இரண்டாவது கேள்விதான். தொகையை யார் தீர்மானித்தார்கள், எந்த நட்டத்தை அளந்து தீர்மானித்தார்கள் என்பது முதல் கேள்வி. ஒரு மீனவப் பெண்ணின் வாடிக்கை வீடுகள் எத்தனை போயின, வட்டிக்கு வாங்கிய முதல் என்ன ஆயிற்று, அடுத்த ஆண்டு இறால் குஞ்சு பொரித்ததா என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் இல்லை.

அந்தப் பட்டியலின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் தோழர்களில் சிலருக்கும் கசக்கும். "மீனவர்" என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டுப் பேசுவது நமக்கு வசதியாக இருக்கிறது. எண்ணூர் முதல் பழவேற்காடு வரை அந்தச் சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. கடலுக்குப் போகிற பட்டினவர் ஒரு படி. அவர்களைத் தரையில் இருக்கிற ஆதிக்க சாதிகள் கீழே வைத்திருக்கின்றன. கழியிலும் ஏரியிலும் மீன் பிடிக்கிற ஆதிதிராவிடர் அதற்குக் கீழே ஒரு படி. இருளர் எல்லாருக்கும் கீழே. இருளர் பலருக்குப் படகு இல்லை, வலை இல்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அல்லது கழுத்தில் மாட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஆணும் பெண்ணும். கடலுக்குப் போகிறவனுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு படகாவது இருக்கிறது. கையால் தடவுகிறவளுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் அவள் தோல் மட்டும்தான்.

படகைச் சரிசெய்யப் பத்தாயிரம் என்று அறிவித்தால் படகே இல்லாதவளுக்கு என்ன? அரசின் கண்ணுக்கு மீனவர் என்றால் பதிவு செய்த படகு, சங்க உறுப்பினர் எண், அடையாள அட்டை. எண்ணத் தொடங்கும் இடமே படகாக இருந்தால், படகிலிருந்து தூரத்தில் இருப்பவர் எண்ணிக்கையிலிருந்தும் தூரமாகிறார். பட்டியலைத் தயாரிக்கிற அதிகாரி கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை. அவர் ஒழுங்காக விதியைப் பின்பற்றினாலே போதும், சாதி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பழவேற்காடு ஏரியில் "பாடு" என்று ஒரு முறை உண்டு. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வது. ஒருவரே அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிற நல்ல ஏற்பாடுதான், உள்ளே இருப்பவனுக்கு. ஏனென்றால் அந்தப் பாட்டில் இடம் பிறப்பால் வருகிறது, பட்டினவராகப் பிறந்தவருக்கு வருகிறது. தலைமுறைகளாக அதே தண்ணீரில் நின்று பிழைக்கிற தலித்துகளுக்கு அதில் பங்கு இல்லை. மகாத் குளத்தில் 1927-இல் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குளத்துக்கு மட்டும்தான் சாதி இருந்தது, கழிக்கு இல்லை என்று நினைக்கிறோமா? 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதும், நிவாரணப் பட்டியலில் இடம் கேட்டு அவர்கள் தனியாகப் போராட வேண்டியிருந்ததும், அழுகிய பிணங்களை அகற்ற வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியதும் பழைய கதை அல்ல. அலை எல்லாரையும் ஒன்றாகத்தான் அடித்தது. கரைக்கு வந்த அரிசி மூட்டைதான் சாதி பார்த்தது.

இதைச் சொன்னால், ஆலைக்கு எதிராக ஒற்றுமையாக நிற்க வேண்டிய நேரத்தில் மீனவர்களைப் பிரிக்கிறீர்கள் என்பார்கள். பிரித்தது நாங்களா? ஊர் பஞ்சாயத்துக் கூட்டத்தில் இருளர் உட்கார இடம் கொடுத்துவிட்டு ஒற்றுமை பேசுங்கள், முதல் ஆளாக வந்து நிற்கிறோம். கம்பெனிக்குத் தேவை ஒவ்வொரு குப்பத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தனித்தனியாகப் பேசி முடிப்பது. படகுக்காரனுக்கு ஒரு தொகை, படகில்லாதவனுக்கு ஒரு தொகை, பட்டியலில் இல்லாதவனுக்கு எதுவும் இல்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை எந்த நிறுவனத்தின் சிஎஸ்ஆர் அதிகாரியும் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாம் அதைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம்.

இந்தக் கரையிலிருந்துதான் சிங்காரவேலர் வந்தார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர், 1923 மே 1 அன்று இந்த நாட்டிலேயே முதன்முதலாகச் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடியவர், பெரியாரின் குடிஅரசில் அறிவியலையும் சமதர்மத்தையும் எழுதியவர். அந்த மே நாளுக்கு நூறு ஆண்டு நிறைந்த 2023-இல்தான் அவருடைய மக்கள் எண்ணெயில் இறங்கி நின்றார்கள். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சிங்காரவேலர் மாளிகை. பெயர் வைப்பதில் நம் ஆட்சியாளர்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஏன் மணலி, ஏன் எண்ணூர் என்ற கேள்வியும் இருக்கிறது. அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், நிலக்கரித் துறைமுகம், உர ஆலை, சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூர் குப்பைமேடு. எல்லாம் வடக்கே. தெற்கே ஓஎம்ஆர், ஈசிஆர், கடலைப் பார்த்த பங்களா, சர்ஃபிங். ஒரே வங்காள விரிகுடா. கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று. திருவான்மியூரில் எண்ணெய் ஒதுங்கியிருந்தால் எத்தனை மணி நேரத்தில் மிதவைத் தடுப்பு வந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது திட்டமிடல் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், சுடுகாடும் குப்பைமேடும் சேரியின் பக்கம் என்ற பழைய வரைபடத்தைப் பெரிதாக்கி நகரத்தின் மேல் ஒட்டியது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

சூழலியலாளர்களின் அனுதாபத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எண்ணெயில் நனைந்த கூழைக்கடா பறவையின் படம் நாடெங்கும் போனது. பறவையைப் பிடித்துக் கழுவ வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. பறவைக்கு இருந்த மருத்துவ முகாமும் கவனமும் எண்ணெயில் கால் வெந்த இருளர் பெண்ணுக்கு இருந்ததா என்பதைத்தான் கேட்கிறேன். பறவைக்காகக் கண்ணீர் விட்ட அதே அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில்தான் "மீன் சமைக்கும் வீடுகள் ஜன்னலைச் சாத்தவும்" என்ற அறிவிப்பும் வருகிறது.

வேறு இடங்களில் என்ன நடந்தது? நைஜீரியாவில் போடோ என்ற கழிமுக ஊர். 2008-இல் ஷெல் நிறுவனத்தின் குழாய் உடைந்து ஆறும் அலையாத்திக் காடும் அழிந்தன. முதலில் அந்த நிறுவனம் கொடுக்க முன்வந்தது நான்காயிரம் பவுண்டும் சில மூட்டை அரிசி பருப்பும். அந்த மக்கள் லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். 2015-இல் ஷெல் 55 மில்லியன் பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது, 15,600 பேருக்குத் தனித்தனியாகப் பங்கு போனது. இலங்கையில் 2021-இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கி, நீர்கொழும்பு மீனவர்களின் கடலில் பிளாஸ்டிக் குருணை மிதந்தது. 2025 ஜூலையில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கப்பல் நிறுவனத்தை நூறு கோடி டாலர் கட்டச் சொன்னது. கேரளத்தில் 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியதும் மாநில அரசு 9,531 கோடி கேட்டு உயர் நீதிமன்றம் போனது, அதே நிறுவனக் குழுமத்தின் இன்னொரு கப்பலைத் துறைமுகத்தை விட்டுப் போகாமல் பிடித்து வைக்க உத்தரவும் வாங்கியது. அவையெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள். நம்முடையது ஒன்றிய அரசின் பொதுத்துறை, இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். பொதுத்துறை என்றால் பொதுமக்களின் துறை என்று பொருள். காட்டுக்குப்பத்து மக்களும் அந்தப் பொதுவுக்குள் வருகிறார்களா என்று யாராவது விளக்கினால் நல்லது.

சட்டம் இல்லாமல் இல்லை. அபாயகரமான தொழிலை நடத்துகிறவர், தவறு தன்னுடையதா இல்லையா என்று வாதாடாமல், நேர்ந்த கேட்டுக்கு முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்று 1986-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புயல், மழை, கடவுள் செயல் என்ற சாக்கு எதுவும் அங்கே செல்லாது. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் நிலைநாட்டிய வழக்கு நம் வேலூர் மாவட்டத்துத் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கு. அந்தத் தோலைத் தொட்டு வேலை செய்தவர்கள் யார், அந்த ஆற்று நீரைக் குடித்தவர்கள் யார் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

நம் பங்கைப் பற்றி ஒன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வருகிற கழிவு மழைநீர்க் கால்வாய் வழியாகக் கொரட்டூர் ஏரியில் கலக்கிறது என்று பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். மீன் செத்து மிதந்தபோதெல்லாம் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நல்ல போராட்டம். ஆனால் அந்தப் போராட்டத்தின் மொழி பெரும்பாலும் நம் ஏரி, நம் நிலத்தடி நீர், நம் மனை விலை என்பதோடு நின்றுவிடுகிறது. கொரட்டூரில் வெள்ளம் தேங்கக்கூடாது, கால்வாயை அகலப்படுத்து, விரைவாக வெளியேற்று என்று கேட்கிறோம். விரைவாக வெளியேற்றினால் விரைவாக எண்ணூருக்குப் போய்ச் சேரும். புழல் உபரி நீர்க் கால்வாயின் கடைசியில் சடையங்குப்பத்தில் இருளர் குடியிருப்பு இருக்கிறது. ஏரி திறந்தால் முதலில் பள்ளிக்கூடத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ ஓட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மழைக்காலத்துக்கு முன் ஆலையின் மழைநீர் வடிகால்களை யார் பார்வையிட்டார்கள், என்ன கண்டார்கள் என்ற அறிக்கை மணலியிலும் எண்ணூரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கழிமுகச் சேற்றையும் அதில் பிடிபடும் இறாலையும் நண்டையும் ஆண்டுதோறும் சோதித்து முடிவை மக்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாதவரை நம் ஊர்ச் சந்தையில் மீன்காரப் பெண்தான் சந்தேகத்துக்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பாள். எண்ணெயில் இறங்கி அள்ளிய ஒவ்வொருவருக்கும், அவர் எந்தச் சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆலையின் செலவில் தொடர் மருத்துவப் பரிசோதனை வேண்டும். கையால் இறால் தடவுகிறவர்கள், மட்டி பொறுக்குகிறவர்கள், கூடை சுமந்து விற்கிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள் ஆகியோரை மீன்வளத் துறை தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அடுத்த கசிவுக்குப் பிறகு அல்ல, இப்போதே. அந்தக் கணக்கெடுப்பு ஊர் நாட்டாமை கையெழுத்தை நம்பி நடக்கக்கூடாது.

கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி குடியிருப்போர் சங்கங்கள் மழைக்கு முன் வழக்கமாகக் கொடுக்கிற மனுவில் சடையங்குப்பம், காட்டுக்குப்பம் மக்களின் கோரிக்கைகளையும் சேர்த்து, அவர்களையும் அழைத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம். மின்சார ரயிலில்தான் போகப் போகிறோம். வெண்டர் பெட்டியிலேயே ஏறிக்கொள்ளலாம்.